வருமுன் கதை சொல்வோர்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் பாதையில், மேற்கு மலைத் தொடர் பாதி வானத்தை மறைத்து நிற்கும் அடிவாரத்தில், சிலமலை என்னும் கிராமம் இருக்கிறது. விடியுமுன் இப்பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகின்றன. அந்த அந்தி நேரத்தில் தேநீர்க் கடைப் பெஞ்சியில் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் மழையைப் பற்றியோ, காய் விலையைப் பற்றியோ, தேர்தலைப் பற்றியோ இருப்பதே வழக்கம். ஆனால் சமீபத்தில் ஒரு நாள் அங்கே நம் காதில் விழுந்தது வேறு விஷயம்.

மூன்று வாலிபர்கள், இன்னும் வெளிவராத ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதையைப் பற்றித் தங்கள் சொந்தப் பாகப் பிரிவினை வழக்கைப் பேசுவது போன்ற ஆவேசத்துடன் வாதாடிக்கொண்டிருந்தனர். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி, வராத கதைக்கு இத்தனை சண்டையா? வந்த பிறகு பார்த்துக்கொண்டால் போகாதா?” என்றார்.

“வந்த பிறகு எல்லோரும்தான் சொல்லிவிடுவார்கள், தாத்தா. வருமுன் சொல்வதில் அல்லவா இருக்கிறது சாமர்த்தியம்!” என்றான் ஒருவன்.

பெரியவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த வாலிபனுடைய பதிலை வெறும் விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வருமுன் சொல்வது என்பது ஒரு வித்தை. அந்த வித்தைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு கதை விஷயத்தில் நம் வாலிபர்களுக்குக் கைவந்திருக்கிறது. ஊர் விஷயத்தில் நமக்கு, அதாவது சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் தலைவர்களுக்கும், கைவரவில்லை. அதனால் நேர்ந்தது என்ன என்பதற்கு அந்தத் தேநீர்க் கடையிலிருந்து தெரியும் மலையே சாட்சி.

எதைப் பற்றிய வாதம்?

அவர்கள் வாதித்த தொடர் சீன தேசத்துக் கதை ஒன்றிலிருந்து பிறந்தது. லியூ சிஷின் என்பவர் எழுதிய அந்த நாவல் 2006-ல் சீனப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்து, 2008-ல் புத்தகமாகியது. 2014-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, மறு வருஷமே விஞ்ஞானக் கதைகளுக்கென வழங்கப்படும் ஹியூகோ பரிசைப் பெற்றது. சீனர்கள் 2023-ல் அதை முப்பது பகுதிகள் கொண்ட தொடராக எடுத்தார்கள். 2024 மார்ச்சில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘3 பாடி பிராப்ளம்’ என்ற பெயரில் எட்டுப் பகுதிகளை வெளியிட்டது. கதை மேலும் தொடரும் என்று அவ்வருஷம் மே மாதத்தில் அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து உலகெங்கும் ரஸிகர்களுக்குத் தூக்கமில்லை.

கதையின் சாரம் இதுதான். கலாசாரப் புரட்சியின்போது தன் தகப்பனார் அடித்துக் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்ட ஒரு பெண் விஞ்ஞானி, மனித குலத்தின்மேல் நம்பிக்கை இழந்து, ஆகாயத்தை நோக்கிச் செய்தி அனுப்பி வேறோர் உலகத்தாரை அழைத்துவிடுகிறாள். மூன்று சூரியர்களுக்கிடையில் அல்லாடும் அந்த உலகத்தார் பூமிக்கு வந்து சேர நானூறு வருஷம் ஆகும். அதற்குள் மனிதர்கள் முன்னேறிவிடாதிருக்க, அணுவின் உட்கருவைவிடப் பெரிதாகாத யந்திரங்களை முன்கூட்டியே அனுப்பி, பூமியின் பௌதிக சாஸ்திரப் பரிசோதனைகளையெல்லாம் குழப்புகிறார்கள். அந்த யந்திரங்கள் மனிதர் பேசுவதைக் கேட்கும், எழுதுவதைப் படிக்கும், மனத்தில் நினைப்பதை மட்டும் அறியா. ஆகவே உலக நாடுகள் கூடி, தற்காப்பு யோசனையை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சிலரை நியமிக்கின்றன. அவர்களுள் ஒருவன் சால் டூரண்ட் என்னும் வாலிப விஞ்ஞானி. அவன் மனத்தில் இருப்பது என்ன? 2024-ல் வெளிவந்த எட்டுப் பகுதிகளும் இந்தக் கேள்வியோடு ரஸிகர்களை நடுவழியில் நிறுத்திவிட்டன.

மூல நாவலைப் படித்தவர் ஒரு கட்சி; படிக்காமல் தொடரை மட்டும் பார்த்தவர் மறு கட்சி. முதற் கட்சியார், “கதை எங்கே போகும் என்பது எங்களுக்குத் தெரியும்” என்கிறார்கள். இரண்டாம் கட்சியார், “நாவலில் உள்ள பாத்திரங்களையே மாற்றிவிட்டார்களே, முடிவை மட்டும் மாற்றமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்?” என்று மடக்குகிறார்கள். சிலமலைப் பெஞ்சியில் நடந்த சண்டையும் இதுவேதான்.

நமக்குப் புதிதன்று

இதெல்லாம் வெளிநாட்டுக் கிறுக்கு என்று நினைப்பவர்கள் நம் பத்திரிகைகளின் சரித்திரத்தை மறந்தவர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திண்ணைதோறும் தர்க்கம் நடந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வழக்கு, அந்தக் கதை முடிந்து எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் ரஸிகர் மன்றத்தில் தீரவில்லை.

விஞ்ஞானக் கற்பனையும் நமக்கு அந்நியமன்று. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து சங்கீதம் தெரிந்த ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்லும் ‘கலை அரசி’ படம் 1963-லேயே நம் கொட்டகைகளில் ஓடியது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ல் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது. பின்னர், சுஜாதா ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ வாசகர்களைப் பித்துப் பிடிக்க வைத்துத் தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், பிறப்பும் சாவும் சர்க்கார் உத்தரவுப்படி நடக்கும் ஒரு வருங்காலத்தை அதில் அவர் சித்திரித்தார். ஜீனோ என்ற யந்திர நாய் மனிதருக்குப் புத்தி சொல்லியது. ஜீவா என்பவர் உண்மையில் யார், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே வாரா வாரம் வாசகர்கள் போட்டுக்கொண்ட புதிர். ஆளுவோரின் திருவுருவத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று ஜனங்களைக் கேட்கவைத்த கதை அது. அந்த விதத்தில் அதைப் போன்ற ராஜீயப் பாடம் வேறு உண்டோ?

1990-களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா டைரக்ட் செய்த ‘மர்ம தேசம்’ தொடர் வந்தபோது, அதிலும் முக்கியமாக ‘விடாது கருப்பு’ ஓடிய வாரங்களில், குதிரையேறி வந்து தண்டிப்பது தெய்வமா, மனிதனா என்று ஊர் ஊராக ஜனங்கள் இரண்டு பட்டார்கள். தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. ஆனால் அன்று ரஸிகர்கள் அப்படிப் போகவில்லை. யார் எந்த இரவில் எங்கே இருந்தார், எவருக்கு அதனால் லாபம் என்று போலீஸ் இன்ஸ்பெக்டரைப் போல் விசாரித்தார்கள்.

ஊகத்தின் தர்மம்

நல்ல ரஸிகனுடைய ஊகத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, காட்டப்பட்டதிலிருந்தே அவன் பேசவேண்டும். “இந்தப் பாத்திரம் மூன்றாம் பகுதியில் இப்படிச் சொன்னாளே, அதற்கு அர்த்தம் என்ன?” என்று சாட்சியம் காட்டாமல் வாய்க்கு வந்ததைச் சொல்பவனை மற்ற ரஸிகர்களே சிரித்து உட்காரவைத்துவிடுவார்கள். இரண்டாவது விதி இன்னும் கடினமானது. தொடர் வெளிவரும் நாள் தீர்ப்பு நாள். அன்று ஊகம் பொய்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டும்; தப்ப வழியில்லை.

இவ்விதிகளின்படி நடந்தவர்கள் கதாசிரியர்களையே திணற அடித்ததுண்டு. 2016-ல் அமெரிக்காவில் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்ற தொடர் வெளியாயிற்று. அதில் தனித்தனி ஆட்களாகக் காட்டப்பட்ட இருவர், வெவ்வேறு காலங்களில் காட்டப்பட்ட ஒரே மனிதர்தாம் என்பதை, கடைசிப் பகுதி வருவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே ரஸிகர்கள் கண்டுபிடித்துவிட்டனர். உடைகளையும் சின்னங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துச் செய்த கண்டுபிடிப்பு அது.

போடிக்காரருக்கு இந்தத் தர்மத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஆதரவில் போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள். காயின் நிறம், பருமன், காய்ச்சல் ஆகியவற்றைப் பார்த்து வியாபாரி மனத்துக்குள் ஒரு விலையை ஊகிக்கிறார். மலையில் பெய்த மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் எதிரிலுள்ள கம்ப்யூட்டர்த் திரை அவருடைய ஊகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தவறினால் நஷ்டம் அவருடையது; அதனால்தான் அவர் கண்டபடி ஊகிப்பதில்லை.

விஞ்ஞானமும் இவ்வாறே நடக்கிறது. 1930 டிசம்பரில் ஊல்ப்காங் பௌலி என்ற பௌதிக சாஸ்திரி, அணுக்களிலிருந்து சில கதிர்கள் வெளிப்படும்போது சக்தியின் கணக்கில் ஏதோ குறைவதைக் கண்டு, கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத ஒரு துகள் அதை எடுத்துச் செல்கிறது என்று ஊகித்துத் தம் சகாக்களுக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பு நாள் வர இருபத்தாறு வருஷங்கள் ஆயின. 1956-ல் ரைன்ஸ், கோவன் என்ற இரு அமெரிக்கர்கள் அத்துகளைப் பிடித்துக் காட்டினர். அதன் பெயர் நியூட்ரினோ. 1965-ல் கோலார் தங்க வயலின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் இந்திய விஞ்ஞானிகளும் உண்டு.

சிலமலை வாலிபர்கள் தங்கள் வாதத்தின் நடுவே சட்டென்று மலையைக் காட்டியதும் இந்தப் பெயரைச் சொல்லித்தான். “கதையில் வருவதுபோல நம் மலையிலும் ஒன்று வருவதாக இருந்ததே!” என்றான் ஒருவன். பெஞ்சியில் இருந்தவர்கள் ஒரு நிமிஷம் மௌனமானார்கள்.

மலையில் வராத சாலை

வருவதாக இருந்தது இந்திய நியூட்ரினோ ஆய்வுச் சாலை. முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடம் பார்க்கப்பட்டு, முதுமலைப் புலிகள் காப்பகம் அருகில் இருப்பதால் 2009-ல் கைவிடப்பட்டது. பிறகு தேனி ஜில்லாவில், போடி மேற்கு மலையில், பொட்டிபுரத்துக்கு அருகே இடம் தேர்ந்தெடுத்தார்கள். மலைக்குள் சுமார் 2 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, எப்பக்கமும் ஒரு கிலோ மீட்டருக்குக் குறையாத பாறை சூழ்ந்திருக்க, 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி நியூட்ரினோவை ஆராய்வது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவில் இதற்கு அனுமதி அளித்தது. சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022-ல் மாநில சர்க்கார், இதற்கு இடந்தர இயலாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்துவிட்டது. மலை குடையப்படவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்னவற்றுள் நியாயமானவை இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. மலைக்கு அப்பால் கேரள எல்லையில் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. வன விலங்குகள் நடமாடும் வழி அது. லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்துப் பெயர்த்தெடுத்தால் தூசிக்கும் அதிர்வுக்கும் கேட்பவர் யார், ஊற்று நீர் என்ன ஆகும், முல்லைப் பெரியாறும் இடுக்கியும் தாங்குமா என்று விவசாயி கேட்டால், அது அவனுடைய உரிமை. இவை யாவும் காட்டப்பட்டதிலிருந்து எழுந்த ஊகங்கள். அளந்து பார்த்துப் பதில் சொல்லத்தக்க கேள்விகள்.

ஆனால் இவற்றோடு கலந்து வேறு சில பேச்சுக்களும் கிராமம் கிராமமாகச் சென்றன. நியூட்ரினோ வெளியே கிளம்பிப் பயிரைக் கருக்கிவிடும் என்றும், ஆய்வுச் சாலை என்று பெயர் சொல்லி அணுக் கழிவைப் புதைக்கப்போகிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும், நம் கட்டை விரல் நகத்தின் அளவுள்ள இடத்தின் வழியே, விநாடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில், இரவென்றும் பகலென்றும் பாராமல் நம்மை ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கின்றன; உலகம் தோன்றிய நாள் முதல் அதனால் ஒரு புல்லும் கருகியதில்லை. ஆய்வுச் சாலை நியூட்ரினோவை உண்டாக்குவதன்று. தானே வருவதைப் பிடித்துப் பார்ப்பது. இவ்வளவு எளிய விஷயம் பொட்டிபுரத்து வீட்டு வாசலுக்கு, வீட்டுப் பாஷையில், உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. தஸ்தாவேஜுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தீர்மானங்கள் டில்லியில் நடந்தன. ஜனங்களிடம் வந்து விளக்கியது பெரும்பாலும் எதிர்ப்பு மூண்ட பிறகுதான். காட்டப்பட்டது ஒன்றுமில்லாத இடத்தில் ஊகம் வதந்தியாகத்தான் மாறும். இது ஜனங்களுடைய குற்றமன்று. காட்டவேண்டியவர் காட்டாததன் குற்றம்.

தீர்ப்பு நாளும் வரவில்லை. தொடர் வெளிவந்தால் ரஸிகனுடைய ஊகம் மெய்யோ பொய்யோ தெரிந்துவிடும். இங்கே அஞ்சியவர் அச்சமும் தீரவில்லை. ஆசைப்பட்டவர் ஆசையும் நிறைவேறவில்லை. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி ஒன்றை 2018-ல் இயக்கிக் காட்டினார்கள். பெரியது காகிதத்தோடு நின்றது. நியூட்ரினோ வகைகளுள் எடை மிகுந்தது எது, குறைந்தது எது என்ற வரிசையை அறிவதே போடி ஆய்வுச் சாலையின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அதே கேள்விக்கு விடை காணச் சீன தேசத்தார் பூமிக்கு அடியில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தை நிரப்பி, 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நியூட்ரினோக் கதையை எழுதியவரும் சீனர், நியூட்ரினோச் சாலையைக் கட்டியவரும் சீனர் என்று சொல்ல நினைத்தோம். லியூ சிஷின் எழுதியது வேறு துகளைப் பற்றி என்று அந்த வாலிபர்கள் திருத்திவிடுவார்கள்! எனினும் பாடம் மாறவில்லை. பௌதிக சாஸ்திரத்தைக் கதையாகக் கேட்டு ரஸிக்கும் ஜனங்களிடம் அந்தச் சாஸ்திரத்தைப் பற்றிப் பேசுவது சுலபம்.

செய்யவேண்டியது

ஆய்வுச் சாலை வரவேண்டும் என்றோ வரக்கூடாது என்றோ இங்கே நாம் தீர்ப்புக் கூறவில்லை. அது வழக்கு மன்றத்துக்கும் ஜனங்களுக்கும் உரியது. ஆனால் அடுத்த தடவை எந்தத் திட்டம் இந்த மலையடிவாரத்துக்கு வந்தாலும், அதன் முழு விவரமும் தமிழில், திட்டம் முடிவாவதற்கு முன்பே, கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை டன் வெடி, எத்தனை லாரி, எந்த ஊற்று என்ற கணக்கு ஜனங்கள் கையில் இருந்தால், சிலமலைப் பெஞ்சியே விசாரணைக் கமிஷனாகிவிடும். ஒரு கதாபாத்திரம் எப்போதோ சொன்ன அரை வார்த்தையை நினைவில் வைத்து வாதாடத் தெரிந்தவர்களுக்கு, சர்க்கார் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தை மடக்கத் தெரியாதா?

இரண்டாவது வேண்டுகோள் நம் தொலைக்காட்சிக்காரருக்கு. சுஜாதா 2008-ல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் தமிழ்த் தொலைக்காட்சியில் தொடர்ந்து நடந்தவர் மிகச் சிலரே. மாமியார் மருமகள் சண்டைக்கு ஆயிரம் பகுதிகள் கிடைக்கும் நாட்டில், விஞ்ஞானக் கதைக்குப் பத்துப் பகுதிகள் கிடைப்பதில்லை. கதைக்குப் பஞ்சமா? ஒரு மலை, அதன் வயிற்றில் ஒரு சுரங்கம், மேலே ஏலக்காட்டில் காய் பறிக்கும் பெண்கள், கீழே விண்ணிலிருந்து வரும் காணாத் துகளுக்காகக் காத்திருக்கும் விஞ்ஞானி, நடுவே, “எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்கும் ஒரு கிராமம். இதைவிட நல்ல தொடருக்கு வேறு களம் எங்கே தேடுவது?

கேட்டால் கொடுப்பார்களா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு செய்தி. ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு 1967-ன் இறுதியில் எழுந்தபோது, அமெரிக்க ரஸிகர்கள் கடிதங்களைக் குவித்தார்கள். 1968 மார்ச்சில் அந்தக் கம்பெனி, தொடர் நீடிக்கும் என்று தொலைக்காட்சியிலேயே அறிவிக்க நேர்ந்தது. ஒரு கதைக்காகக் கடிதம் எழுதியவர்கள் அதைச் சாதித்தார்கள். கதைக்காகவும் ஊருக்காகவும் சேர்ந்து கேட்பவர்கள் இன்னும் அதிகம் சாதிக்கலாம்.

நாம் புறப்பட்டபோது இருட்டிவிட்டது. வாதம் முடிந்தபாடில்லை. சால் டூரண்ட் மனத்தில் இருப்பது இன்னது என்று மூவரும் மூன்று விதமாக ஒரு காகிதத்தில் எழுதி, மடித்து, பெரியவரிடமே ஒப்படைத்துக் கொண்டிருந்தார்கள். தொடர் வெளிவந்த பிறகு பிரித்துப் பார்த்து, தோற்றவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். பெரியவர் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

அந்த மூன்று காகிதங்களுக்கும் ஒருநாள் விடை கிடைத்துவிடும். எதிரே கருத்து நிற்கும் மலையைப் பற்றி இந்த ஊர் பத்து வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவந்த கேள்விகளுக்கு, தமிழில் விடை எழுதித் தர வேண்டியவர்கள் எப்போது எழுதித் தருவார்கள்?